பதுருன்னிசா டீச்சரும் எண்ணூர் முகத்துவாரமும்

பதுருன்னிசா மூன்றாம் வகுப்புக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, அவள் கண்ணால் பார்த்திருந்த ஊர் மிகச் சிறியது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டுத் தெரு, அதை ஒட்டிய பள்ளிவாசல் தெரு, ராயபுரத்தில் அவள் தகப்பனாரின் கயிற்றுக் கடை, படித்த பயிற்சிப் பள்ளி, இப்போது புதிதாக இந்தக் கார்ப்பரேஷன் பெண்கள் பள்ளி. வீட்டிலிருந்து பள்ளிக்குத் திரை கட்டிய கைரிக்‌ஷாவில் வருவாள். கடல் பள்ளிக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்தால் இரைச்சல் கேட்கும், மத்தியானக் காற்றில் கருவாட்டு வாடை வரும். ஆனால் அவள் கரையில் போய் நின்றதில்லை.

தேசப்படத்தை மட்டும் அவள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பதினாறு வயதில் அவளுக்கு மஜீதோடு நிக்காஹ் ஆனது. மஜீது சிரித்த முகம், நல்ல பாட்டுக்காரன். கல்யாணமான மறுவருஷமே ரங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்துக் கப்பலேறினான். அவன் போன கொஞ்ச நாளில் யுத்தம் அந்தப் பக்கம் பரவியது. ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாகவே காடும் மலையும் கடந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சிலர் வந்தும் சேர்ந்தார்கள். மஜீது வரவில்லை. அவனை வழியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். எந்த வழி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வழி எது என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுதான் பதுருன்னிசாவுக்கு அப்போது ஒரே நினைப்பு. அழுகையைக்கூட அதற்குப் பிறகுதான் வைத்துக்கொண்டாள். தகப்பனார் காஜா மொய்தீன் மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய தேசப்படம் ஒன்றை வாங்கிவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். அதிலிருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பின்தெருவில் குடியிருந்த ஹில்டா டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஹில்டா வந்து விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினார். ரங்கூன் இது, மலைகள் இவை, இது அஸ்ஸாம், இந்தக் கோடு ரயில். பதுருன்னிசா மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். நாலைந்து வாரத்தில் அவளே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“மொய்தீன் பாய், இந்தப் பொண்ணை வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்று ஹில்டா ஒரு நாள் கேட்டார். “வாத்தியாரம்மா ஆக்கிடலாம். நான் பார்த்துக்கறேன்.”

காஜா மொய்தீன் கையிலிருந்த கயிற்றைத் திரித்து முடித்தார். பிறகு, “அதுக்கு இஷ்டம்னா சரிதான்மா” என்றார்.

எட்டாம் வகுப்புப் பரீட்சையை வீட்டிலிருந்தே படித்து எழுதினாள். பிறகு ஆசிரியர் பயிற்சி. சுதந்திரம் வந்த வருஷம், ஹில்டா தலைமையாசிரியையாக இருந்த பள்ளியிலேயே அவளுக்கும் வேலை கிடைத்தது.

அவள் பாடம் நடத்தும் விதம் மற்றவர்களைப் போல இல்லை. தகப்பனார் கடையில் மிஞ்சிய கயிற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்து வகுப்புத் தரையில் போடுவாள். தடித்த தேங்காய்நார் வடம் கொசஸ்தலை ஆறு. மெல்லிய கயிறு பக்கிங்ஹாம் கால்வாய். செங்கல் துண்டு ஸ்டேஷன். பிள்ளைகள் ஆளுக்கோர் ஊரில் போய் நிற்கவேண்டும். ஒருத்தி திருவொற்றியூர், ஒருத்தி எர்ணாவூர், ஒருத்தி எண்ணூர். காலடிப்பேட்டையில் அத்தை வீடு உள்ள சாபிராவுக்குக் காலடிப்பேட்டையை விட்டு நகர மனசு வராது. வேறு யாராவது அங்கே நின்றால் சண்டைக்குப் போவாள்.

அந்த வகுப்பில் மங்கை என்று ஒரு பெண். காசிமேட்டுக் குப்பத்துக்காரி. அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா பச்சையம்மா கூடையில் மீன் விற்கிறவள். மங்கையால் எதையும் ஒரு தடவை கேட்டு விட்டுவிட முடியாது.

“டீச்சர், நீங்க எண்ணூர் பாத்துக்கீறீங்களா?”

பதுருன்னிசா பொய் சொல்லவில்லை. “இல்லை.”

“அப்ப எப்டி டீச்சர் இங்க ஆறு, இங்க கடலுன்னு கயிறு போடறீங்க?”

“படத்துல இருக்குது.”

மங்கை அதை யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பதுருன்னிசாவுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஹில்டாவின் அறைக்குப் போய், பிள்ளைகளை எண்ணூருக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டாள்.

“நீ வீட்ல கேட்டியா?” என்றார் ஹில்டா.

அதுதான் கஷ்டம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் காஜா மொய்தீன் மறுக்கவில்லை. விறகுத் தொட்டி வைத்திருந்த சௌக்கத் அலி அவருடைய தோஸ்து. வடக்கேயிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு கால்வாயில் வரும் படகுகள் திரும்பும்போது காலியாகத்தான் போகும். “சௌக்கத் அலி படகுல போனா நம்ம வூட்டுப் படகு மாதிரி. வரும்போது ரயில்ல வந்துடுங்க” என்று அவரே ஏற்பாடும் செய்தார்.

பச்சையம்மாதான் இதைக் கேட்டுச் சிரித்தாள். கூடையோடு பள்ளி வாசலில் வந்து நின்று, “இன்னா டீச்சரம்மா, எம் பொண்ணுக்குத் தண்ணி காட்ட இட்டுகினு போறியாமே. நாங்க பொறந்ததே தண்ணியிலதான்” என்றாள்.

“கடலை நீங்க காட்டிட்டீங்க. ஆத்தை நான் காட்டறேனே” என்றாள் பதுருன்னிசா.

“காட்டு, காட்டு. பத்தரமா இட்டாந்து வுட்ரு” என்று சொல்லிவிட்டுப் போனாள் பச்சையம்மா.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம். காலை வெயில் ஏறுவதற்குள் படகு கிளம்பிவிட்டது. கரையில் இரண்டு ஆட்கள் தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஹில்டாவும் வந்திருந்தார். பதுருன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியபடி படகின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கம் நகர்ந்தாள். திருவொற்றியூர்க் கோபுரம் தெரிந்தபோது எழுந்தே நின்றுவிட்டாள். உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. படத்தில் அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்த இடமெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அதே வரிசையில் வந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வராமல் போய்விடுமோ என்று பயந்திருந்தாள்போல.

எண்ணூரில் இறங்கி மணலில் நடந்து முகத்துவாரத்துக்குப் போனார்கள். ஆறு அகலமாகத் தேங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மணல் மேடு. அதன்மேல் ஆடு மேய்ந்தது.

பிள்ளைகள் மேட்டின்மேல் ஏறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள்.

“டீச்சர்,” என்றாள் மங்கை, “எங்க கலக்குது?”

பதுருன்னிசாவும் மேட்டில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“ஆறு அங்க கீது, கடலு இங்க கீது. நடுவுல மண்ணுதான கீது. புக்குல கலக்குதுன்னு போட்டுக்கீதே.”

“ஆமா,” என்றாள் பதுருன்னிசா. “புத்தகத்துல அப்படித்தான் இருக்குது. ஆனா இங்க கலக்கலை. ஏன்னு எனக்கும் தெரியலை.”

ஹில்டாவும் தெரியாது என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டதற்கு, வெயில் காலத்தில் வாய் அடைத்துக்கொள்ளும், மழை வந்தால் திறக்கும் என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. மணலை யார் கொண்டுவந்து போட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போட்டார்கள். காற்று என்றது ஒரு கட்சி, அலை என்றது இன்னொரு கட்சி. பதுருன்னிசா நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சாப்பிட்ட பிறகு மங்கை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “டீச்சர், இப்டியே நேரா போனா இன்னா ஊரு வரும்?”

“நேரே போனா அந்தமான் தீவு. அதையும் தாண்டினா பர்மா. அங்கேர்ந்து வடக்கே திரும்பினா ரங்கூன்.” சொல்லிவிட்டு, கேட்காமலே மேலும் சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் ரங்கூனுக்குத்தான் போனார்.”

“வந்துட்டாரா?”

“இல்லை.”

மங்கை கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள். “எங்க நைனாகூட ஒரு தபா வலைக்குப் போயி வரவேயில்ல டீச்சர். அம்மா அழுதுகினே கெடந்துச்சு. அப்பால பழவேற்காட்டாண்ட கரை ஏறி, நடந்தே வந்துட்டாரு.”

பதுருன்னிசா அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். ரயிலில் திரும்பும்போது மங்கை அவள் மடியில் படுத்துத் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அருள்நாதன் என்று பெயர். கெட்டவர் இல்லை. மடிப்புக் கலையாத கோட்டு, கையில் குடை, எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கிற மனிதர். மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பூகோளத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

“கொசஸ்தலை ஆறு எங்கே கடலில் கலக்கிறது?”

பாடப் புத்தகத்தில் இருக்கும் கேள்வி. வகுப்பில் ஒருத்தியும் கை தூக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மங்கை எழுந்தாள்.

“இப்போ கலக்கல சார்.”

“என்ன?”

“எண்ணூராண்ட வந்து நின்னுகினு கீது சார். நடுவுல மண்ணு. மேல ஆடு மேயுது.”

அருள்நாதன் பதுருன்னிசாவின் பக்கம் திரும்பினார். “இதுவா நீங்கள் சொல்லிக்கொடுத்தது?”

“இல்லை சார். போன வாரம் போய்ப் பார்த்தது. பதில் சரிதான்.”

“புத்தகத்தில் எண்ணூரில் கலக்கிறது என்று இருக்கிறது.”

“மழைக்காலத்துல கலக்கும் சார். நீங்க மார்ச் மாசத்துல கேட்டீங்க, பொண்ணு மார்ச் மாசத்துப் பதில் சொல்லுது.”

“பூகோளத்துக்கு மாசம் உண்டா அம்மா?”

“ஆத்துக்கு உண்டு சார்,” என்றாள் பதுருன்னிசா.

அவர் மங்கையைப் பார்த்து, “தவறு, உட்கார்” என்றார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். சில நாளில் விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனது ஏன், பாடத்துக்கு மாறாகக் கற்பித்தது ஏன் என்று. ஹில்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். “நான்தான் போகச் சொன்னேன், நானும் போனேன்னு எழுதிடறேன். ரெண்டாவது கேள்விக்கு நீ எழுது” என்றார்.

பதுருன்னிசாவுக்கு உத்தரவு பெரிதாகப் படவில்லை. இன்ஸ்பெக்டர் வந்துபோன நாளிலிருந்து மங்கை பள்ளிக்கு வராததுதான் மனசை அறுத்தது. சொல்லி அனுப்பியும் வரவில்லை. ஒரு நாள் பள்ளி விட்டதும், ரிக்‌ஷாக்காரரிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிழக்கே நடந்தாள். வலை உலர்த்தியிருந்த மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து, வழி கேட்டுக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

மங்கை குடிசை வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள்.

“வா டீச்சரம்மா, குந்து” என்று பச்சையம்மா பலகையை எடுத்துப் போட்டாள். “அது வரமாட்டேங்குது. நான் பாத்தத சொன்னேன், அந்த ஆளு தப்புன்னுட்டாரு, நான் பொய் சொல்றவளான்னு கேக்குது. நான் இன்னா பதில் சொல்றது?”

பதுருன்னிசா உள்பக்கம் பார்த்துப் பேசினாள். “மங்கை, நீ சொன்னது பொய் இல்லை. நான் அவர்கிட்டேயே சொன்னேனே, நீயும் கேட்டியே. ஆனா நம்ம பாதிதான் பார்த்திருக்கோம். மழை வந்தா வாய் திறக்கும்னு அந்த அம்மா சொன்னாங்க இல்ல? அதையும் பார்க்க வேணாமா?”

உள்ளேயிருந்து “திரும்பி இட்டுகினு போவீங்களா?” என்று குரல் மட்டும் வந்தது.

“போவோம். நீ நாலாவது போனாலும் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவேன்.”

“எங்கம்மாவையும்?”

“அடி இவளே, எனுக்கு இன்னாத்துக்கு ஆறு?” என்றாள் பச்சையம்மா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்ணாரப்பேட்டையில் இப்படிப்பட்ட சேதி ரிக்‌ஷாவுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடும். வாலிபத்திலேயே புருஷனைப் பறிகொடுத்த பெண் மீன்காரர் குப்பத்தில் தனியாக நடக்கிறாள் என்று ஒருவர் கடைக்கே வந்து காஜா மொய்தீனிடம் சொன்னார். காஜா மொய்தீன் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

“பதுரு, மண்ணுல நடந்தியாமே.”

“ஆமா அத்தா. ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வரலை. அதான் போனேன்.”

“வருதா இப்போ?”

“நாளைக்கு வரேன்னு சொல்லிருக்குது.”

“சரி,” என்றார். மறுநாள் சாயங்காலம் பின்பக்கம் வார் வைத்த புதுச் செருப்பு ஒன்றை வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார். மணலில் நடந்தால் கழன்று போகாது என்று மட்டும் சொன்னார்.

மழைக்காலம் வந்தது. இந்த முறை முறைப்படி அனுமதி கேட்டு எழுதினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டியவர் அருள்நாதன்தான். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு, பெற்றோர் சிலரும் கூட வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அதனால் டிசம்பரில் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஒரு பெரிய கூட்டமே ரயிலேறியது. பச்சையம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். காஜா மொய்தீன் கடையை மூடிவிட்டு வந்தார். காலமெல்லாம் படகுக்குக் கயிறு விற்றவர் என்றாலும் எண்ணூர் வரை போனதில்லை.

முகத்துவாரம் திறந்திருந்தது. ஆடு மேய்ந்த மேடு இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் ஆற்று நீர் திரண்டு வந்து கடலுக்குள் பாய்ந்தது. உள்ளே வெகுதூரம் வரைக்கும் கலங்கலும் பச்சையும் தனித்தனியாகத் தெரிந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு கரையோரம் ஓடினார்கள். ஹில்டா அவர்கள் பின்னால் ஓடினார். காஜா மொய்தீன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்து நின்றார்.

மங்கை ஓடவில்லை. ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் கடல் ஏற ஆரம்பித்தது. வெளியே போய்க்கொண்டிருந்த நீர் தயங்கிற்று, ஓரமாகப் பின்னால் திரும்பிற்று.

“டீச்சர், இப்போ கடலு உள்ள வருது.”

“ஆமா.”

“அப்ப ஆறு கடல்ல கலக்குதா, கடலு ஆத்துல கலக்குதா?”

பதுருன்னிசா சிரித்துவிட்டாள். “தெரியலையே மங்கை. ரெண்டும்தான்னு தோணுது. நீ என்ன நினைக்கறே?”

“இன்னும் கொஞ்சம் பாக்கறேன் டீச்சர்” என்றாள் அவள். கூட்டத்தில் கடைசியாக அவளைத்தான் பச்சையம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருந்தது.

விளக்கம் கேட்ட விவகாரம் இருவரும் பதில் எழுதி அனுப்பியதோடு நின்றது, அதற்குமேல் வளரவில்லை. மறுவருஷம் அருள்நாதன் வந்தபோது நாலாம் வகுப்பில் உட்கார்ந்து ஆறுகளைப் பற்றிக் கேட்டார். கொசஸ்தலையைத் தொடவில்லை. போகும்போது வாசலில் நின்று குடையை விரித்தபடி, “அம்மா, நான் குழந்தைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போயிருந்தேன். பாதி மூடியிருந்தது. அதற்கு என்ன பதில் எழுதச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். பதுருன்னிசா, பாதி மூடியிருந்தது என்றுதான் எழுதச் சொல்வேன் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, குடை மறைத்துவிட்டது.

அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு தரம் எண்ணூர் போவது அந்தப் பள்ளியில் வழக்கமாகிவிட்டது. மறுமணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. பதுருன்னிசா யோசிக்கிறேன் என்பாள். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டாள். வீட்டில் யாரும் நெருக்கவில்லை. திரை கட்டிய ரிக்‌ஷா எப்போது நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. மழை நாள் தவிர மற்ற நாளில் நடந்தே வந்தாள்.

ஐம்பத்தாறில் தண்டையார்பேட்டையில் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றினார்கள். கிளம்பும் நாளில் பச்சையம்மா பெரிய வஞ்சிரம் மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, “எங்க போனாலும் புள்ளைங்கள வெயில்ல இட்டுகினு போவாத, தலைக்கு எதனா போட்டு வுடு” என்று புத்தி சொன்னாள்.

புதுப் பள்ளியின் பின்பக்கம் ரயில் தண்டவாளம். முதல் நாள் முதல் மணியிலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேலியோரம் கூட்டிப் போய் நிறுத்தினாள். சரக்கு வண்டி ஒன்று புகை விட்டுக்கொண்டு வடக்கே போனது.

“இந்த ரயிலு எங்க போவுது?” என்று கேட்டாள்.

கொருக்குப்பேட்டை என்றது ஒன்று. டில்லி என்றது இன்னொன்று. எங்க மாமு வூட்டுக்கு என்றான் பின்வரிசையில் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

“மாமு வீடு எந்த ஊர்ல இருக்குது?” என்று கேட்டுக்கொண்டே பதுருன்னிசா அவன் பக்கம் போனாள்.